ஹெட்ஃபோன் வாங்கும் முன்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் டவுனிலிருந்து ஏற்காடு வரை ஹெட்ஃபோன் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். "எது நம்பர் ஒன்" என்ற பட்டியல் கிடையாது. மாடல்கள் சீக்கிரம் மாறிவிடும். ஒப்பிடத் தெரிந்தால் அடுத்து வரும் மாடலையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

இயர்போன், ஹெட்ஃபோன், இயர்பட்ஸ்னு இத்தனை இருக்கே, எதுங்க வாங்கறது?

எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். காதைச் சுற்றி முழுசாக மூடுவது ஓவர்-இயர், காதுமடல் மேல் அமர்வது ஆன்-இயர், துளைக்குள் ரப்பரோடு போவது இன்-இயர். இயர்பட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் ஒயர் இல்லாத இன்-இயர்தான். ஓவர்-இயரில் முதுகுப்பக்கம் மூடியது, திறந்தது என்று இரண்டு உண்டு. திறந்ததில் சவுண்டு விசாலமாக இருக்கும், ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

வீட்டில் ஏசி இல்லாமல், சேலத்து ஏப்ரல்-மே வெயிலில் தினமும் இரண்டு மணி நேரம் கேட்பவர் மூடிய ஓவர்-இயர் வாங்கினால் இருபது நிமிடத்தில் கழற்றிவிடுவார். அதே ஹெட்ஃபோன் டிசம்பர் ராத்திரியில் ஏற்காட்டில் காதுக்குக் கம்பளி போட்ட மாதிரி சுகமாக இருக்கும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இன்-இயர், மேசையில் உட்கார்ந்து எடிட்டிங், பாடம் என்றால் ஓவர்-இயர். ஆன்-இயர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வகை. விலை குறைவு என்பதைத் தவிர அதை வாங்க வேறு காரணம் அதிகம் இல்லை.

விலை கூடினா சவுண்டும் கூடுமா?

ஓரளவு வரைதான். ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கும் ஆயிரத்தைந்நூறு ரூபாய்ப் பொருளுக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியும். ஐயாயிரத்தைத் தாண்டிய பிறகு கூடுதல் காசு போவது நாய்ஸ் கேன்சலிங் (வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி), மைக், ஆப், பெயர், உறுதியான கட்டமைப்பு ஆகியவற்றுக்கு. ஒரே விலையில் ஒயர் வைத்ததும் புளூடூத்தும் இருந்தால் சவுண்டில் பெரும்பாலும் ஒயர் வைத்ததே ஜெயிக்கும். புளூடூத்தில் பேட்டரிக்கும் சிப்புக்கும் மைக்குக்கும் அந்தக் காசிலேயே பங்கு போய்விடுகிறது.

விலையைவிட முக்கியம், கம்பெனி அதை எப்படி டியூன் செய்திருக்கிறது என்பது. குறைந்த விலையில் பேஸையும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளையும் (கூர்மையான ஒலி) ஏற்றி நடுவை அமுக்கிவிடுவார்கள். கடையில் பத்து நொடி கேட்டால் அசத்தும். தட்டுவடை செட்டில் காரச் சட்னியை அள்ளிப் பூசினால் பீட்ரூட்டும் கேரட்டும் இருக்கும் இடமே தெரியாது அல்லவா, அதுபோலப் பாடுகிறவர் குரலும் வீணையும் பின்னால் போய்விடும்.

பெட்டியில 50 எம்எம் டிரைவர், 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. பெரிய நம்பர் நல்லதுதானே?

இல்லை. மனிதக் காது கேட்பது தோராயமாக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு). வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். அந்த எல்லைக்குள் எந்த ஒலியை எவ்வளவு தூக்கி, எவ்வளவு இறக்கித் தருகிறது என்பதுதான் சவுண்டு, அதைப் பெட்டியில் போட மாட்டார்கள். டிரைவர் என்பது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், அதன் அளவும் அப்படித்தான். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4-ல் இருந்தது 40 எம்எம் டிரைவர். 2022-ல் அதற்கு அடுத்து வந்த எக்ஸ்எம்5-ல் 30 எம்எம். அளவு சிறுத்ததால் அது கீழ்த்தரப் பொருள் ஆகிவிடவில்லை.

பெட்டியில் பார்க்க வேண்டியவை எடை, ஓம்ஸ் (மின்தடை), சென்சிடிவிட்டி (அதே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது), ஒயர் கழற்றக்கூடியதா, குஷன் தனியாகக் கிடைக்குமா, தண்ணீர் தாங்குவதைச் சொல்லும் ஐபிஎக்ஸ் எண். ஐபிஎக்ஸ்4 என்றால் வியர்வைக்கும் தெறிக்கும் தண்ணீருக்கும் தாங்கும், நனைந்தபடி நடக்க அல்ல.

கடையில ரெண்டை வச்சு எப்படிச் சரியா ஒப்பிடறது? ரெண்டுமே நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கு.

முதல் விதி, இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். ஒரு டெசிபல் (சத்தத்தின் அலகு) கூட இருந்தாலே காது அதைச் "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "தெளிவாக இருக்கிறது" என்று சொல்லும். ஃபோனின் வால்யூம் கோடு ஒரே இடத்தில் இருந்தால் போதாது, ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் சத்தம் மாறும். குரல் மட்டும் வரும் ஒரு வரியைப் போட்டு, இரண்டிலும் அந்தக் குரல் ஒரே தூரத்திலிருந்து பேசுவது போல் கேட்கும் வரை வால்யூமை மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் விலை கூடியதன் சத்தத்தை ஒரு புள்ளி குறைத்தே வையுங்கள். விலையைப் பார்த்ததுமே மனசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அதற்கு இது ஈடு.

உங்கள் ஃபோன், உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டு, இன்டர்நெட் இல்லாமல் ஓடும்படி டவுன்லோடு செய்தவை, ஈக்வலைசர் ஆஃப். பேஸுக்கு எண்பதுகளின் பாட்டு ஒன்று எடுங்கள். பேஸ் கிட்டார் தனி மெட்டாக ஓடும். நல்ல ஹெட்ஃபோனில் அதன் ஒவ்வொரு சுரத்தையும் முணுமுணுக்க முடியும், மோசமானதில் வெறும் "தும் தும்". அடுத்தது மிருதங்கம். வலந்தலையின் (வலது பக்கம்) கணீரென்ற நாதமும் தொப்பியின் (இடது பக்கம்) கும்காரமும் தனித்தனியாக நிற்க வேண்டும். தொப்பி வலந்தலையை மூடினால் பேஸ் அதிகம். மூன்றாவது, "ஸ", "ச" அதிகம் வரும் பெண் குரல். ஒவ்வொரு "ஸ"-வும் ஊசி மாதிரி குத்தினால் ட்ரெபிள் தூக்கல், அரை மணியில் தலை வலிக்கும்.

முடிந்தால் கூட வந்தவரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். பதினைந்து நிமிடமாவது தலையில் வைத்திருங்கள். இன்-இயரைச் சுகாதாரம் கருதிப் பிரித்துத் தரத் தயங்குவார்கள், அதனால் உங்கள் பழைய இயர்போனின் ரப்பரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ரிவ்யூல பேஸ் பிரமாதம்னாங்க. எனக்கு வரவே இல்ல. டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் ரப்பர் அளவுதான் குற்றவாளி. காதுத் துளை காற்றுப் புகாமல் அடைந்தால்தான் பேஸ் நிற்கும். ஓர் ஊசிக்கண் இடைவெளி போதும், அது ஒழுகிவிட. பெட்டியில் மூன்று அளவு ரப்பர் வரும். நடு அளவை அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். காதுமடலை எதிர்க்கையால் மேலே, பின்னால் இழுத்துப் பிடித்து, இயர்போனைச் சற்றே திருகி உள்ளே வையுங்கள். உங்கள் குரலே பானைக்குள் பேசுவது போல் கேட்டால் அடைப்பு சரி. இடது காதுக்கு ஓர் அளவு, வலதுக்கு வேறு அளவு என்பது சகஜம், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கண்ணாடி போடறேன், மனைவிக்கு ஜிமிக்கி. ஓவர்-இயர் ஒத்துவருமா?

கண்ணாடிக் கம்பி குஷனைத் தூக்கிவிடுவதால் மேலே சொன்ன ஒழுகல் இங்கேயும் நடக்கும். கம்பி மெல்லியதாகவும் குஷன் மெத்தென்றும் இருந்தால் சமாளிக்கலாம். கம்பியைக் காதுக்கு மேல் சற்றுத் தூக்கிவிட்டு மாட்டினால் நெற்றிப்பொட்டு வலியும் குறையும்.

தோடு, ஜிமிக்கி போடுகிறவர்களுக்கு ஆன்-இயர் வேண்டவே வேண்டாம், திருகாணி கழுத்துப் பக்கம் குத்தும். ஓவர்-இயர் வாங்கும்போது ஸ்கேலை எடுத்துக் காதின் நீளத்தை அளந்து, குஷனின் உள்துளை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதா பாருங்கள். ஆழமும் முக்கியம். காதுமடல் உள்ளே இருக்கும் துணியைத் தொட்டால் ஒரு மணி நேரத்தில் நோகும்.

அரை மணி போட்டா உச்சந்தலை வலிக்குது. பழகிடுமா?

எடையால் வரும் வலி பழகாது, இறுக்கத்தால் வருவது குறையலாம். உச்சியில் வலித்தால் எடை, காதோரத்திலும் தாடையிலும் வலித்தால் இறுக்கம். ஒப்பிட்டுப் பார்க்கச் சில எடைகள்: சோனி எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் ஒயர் இல்லாமல் 285, ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385-ஐ ஒட்டி. முன்னூறைத் தாண்டினால் மணிக்கணக்கில் கேட்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இறுக்கத்துக்கு, உள்ளே இரும்புப் பட்டை இருக்கும் ஹெட்ஃபோனை உங்கள் தலையைவிட ஒரு விரல்கடை அகலமான புத்தக அடுக்கில் இரவு முழுக்க மாட்டி வையுங்கள். இரண்டு மூன்று ராத்திரி போதும். முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் முறிந்துவிடும், முயல வேண்டாம். ரொம்பத் தளர்த்தினால் பேஸ் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெயில்ல காது வேகுது, குஷன் வேற ஒரே வருஷத்துல உரிஞ்சு கறுப்புத் தூளா கொட்டுது. என்ன பண்றது?

கொட்டுவது தோல் அல்ல, பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தால் தானாகவே சிதையும். வியர்வையும் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் அதை விரைவாக்கும். கேட்டு முடித்ததும் பிழிந்த துணியால் துடைத்து, குஷன் மேலே பார்க்கும்படி காற்றாட வையுங்கள். சானிடைசர் போட்டுத் துடைக்காதீர்கள், ஆல்கஹால் பூச்சைக் கெடுக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடவும் கூடாது, குஷனோடு பேட்டரியும் கெடும்.

வெல்வெட் மாதிரியான துணிக் குஷன் சேலத்துக்குப் பொருத்தம். காற்றுப் போகும், பேஸ் கொஞ்சம் குறையும். பழைய வேட்டித் துணியில் உறை தைத்துப் போடுகிறவர்களும் உண்டு. வியர்வைக்கு நல்லது, ஆனால் துணி தடித்தால் சவுண்டு மந்தமாகும். குஷன் மாற்றுவதும் எளிது. பெரும்பாலானவை விளிம்பில் கொக்கியோ உதடு போன்ற மடிப்போ வைத்து மாட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் வந்துவிடும். புதியதை வாங்கும்போது மாடல் பெயர் சொல்லி வாங்குங்கள். தடிமன் மாறினால் சவுண்டே மாறிவிடும்.

ஏற்காட்டுல மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்குது.

மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். ஈரத்தோடு உள்ளே வைத்தால் பயனில்லை, முதலில் ஃபேன் காற்றில் உலரட்டும். அடுப்பு மேடை, ஹீட்டர் பக்கம் உலர்த்தினால் ஒட்டுப்பசை விட்டுவிடும்.

ஏற்காடு பஸ்ல போக நாய்ஸ் கேன்சலிங் உதவுமா?

இன்ஜின் உறுமலுக்கு நன்றாகவே உதவும். மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்ஃபோனின் டிரைவர் வழியாக விடும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்தில்தான் இது வேலை செய்யும், தோராயமாக 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. டீசல் இன்ஜின், ஏசி, ரயிலின் கடகடப்பு அடங்கும். ஹாரன், கண்டக்டர் விசில், பின் சீட்டுக் குழந்தை அழுகை எல்லாம் வரும், அவற்றைத் தடுப்பது ரப்பரின் அடைப்புதான்.

பட்ஜெட் குறைவு என்றால் சுமாரான நாய்ஸ் கேன்சலிங் வைத்த மலிவான இயர்பட்ஸைவிட, நல்ல அடைப்புள்ள ஒயர் இன்-இயர் அதே பஸ்ஸில் திருப்தியாக இருக்கும்.

கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைச்சு வலிக்குது. இயர்பட்ஸ்னாலயா?

பாதி மலையால், பாதி அதனால். சேலம் 280 மீட்டரை ஒட்டிய உயரம், ஏற்காடு 1,500-ஐ ஒட்டி. இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் 1,200 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் இறங்குகிறது, செவிப்பறைக்கு உள்ளே இருப்பது மெதுவாகத்தான் சமனாகும். ரப்பர் துளையை அடைத்திருந்தால் அதுவும் ஒரு தடை. நாலைந்து வளைவுக்கு ஒரு முறை கழற்றி, எச்சில் விழுங்கி, மறுபடி மாட்டுங்கள். இறங்கும்போது தொல்லை கூடுதல். சளி இருந்தால் முழு இறக்கத்துக்கும் போடாமல் இருப்பதே நல்லது.

எஸ்டேட்டுல நடந்துட்டே கேக்க எது?

காதைத் திறந்து வைக்கும் வகை. காபித் தோட்டத்துக்குள் காட்டுமாடு நிற்கும் இடத்தில் நாய்ஸ் கேன்சலிங் போட்டு நடப்பது சரியில்லை. கன்ன எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் போன் கண்டக்‌ஷன் வகையில் பேஸ் மெலிசாக இருக்கும், பேச்சுக்கும் செய்திக்கும் போதும். வண்டி ஓட்டும்போது எந்த வகையும் வேண்டாம்.

புளூடூத்ல எல்டிஏசி இருந்தாத்தான் நல்ல சவுண்டுங்கறாங்களே?

எல்டிஏசி என்பது புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் (கோடெக்) ஒன்று. அது குழாயின் அகலம் மாதிரி, தண்ணீரின் ருசி அல்ல. எல்லா புளூடூத்திலும் இருக்கும் எஸ்பிசி நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். எல்டிஏசி 330, 660, 990 என்று மூன்று நிலையில் ஓடும். புது பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசலில் 990-ல் வைத்தால் விட்டுவிட்டுக் கேட்கும், தானாகவே கீழே இறங்கும் அமைப்பில் விடுங்கள். ஐஃபோனில் எல்டிஏசி கிடையாது, ஏஏசி-தான். ஐஃபோன்காரர் அதற்காகக் கூடுதல் காசு கொடுத்தால் வீண். டியூனிங் மோசமாக இருந்தால் எந்தக் கோடெக்கும் காப்பாற்றாது.

லேப்டாப்பில் மீட்டிங் ஆரம்பித்ததும் பாட்டு தகர டப்பா மாதிரி ஆகிறதா? மைக் ஆன் ஆனதும் புளூடூத் ஃபோன் பேசும் முறைக்கு மாறிவிடுகிறது, அப்போது சவுண்டு மோனோவாகி மெலிந்துவிடும். சவுண்டு செட்டிங்கில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்ஃபோன் பழையபடி ஸ்டீரியோவில் பாடும்.

ஃபோன்ல ஜாக்கே இல்ல. டைப்-சி அடாப்டர் வாங்கினேன், சத்தமே வரல.

இரண்டு வகை அடாப்டர் இருக்கிறது. ஒன்று வெறும் ஒயர் இணைப்பு, ஒருசில ஃபோனில் மட்டும் வேலை செய்யும். மற்றொன்றில் டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான சிக்னலாக மாற்றும் டிஏசி சிப் உள்ளே உண்டு. கேட்டு வாங்க வேண்டியது இரண்டாவதை. அதுவும் ஊமையாக இருந்தால் செட்டிங்ஸில் ஓடிஜி-யை (ஃபோனோடு வெளிக் கருவியை இணைக்க விடும் வசதி) ஆன் செய்யுங்கள். சில ஃபோன்களில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது தானாக ஆஃப் ஆகிவிடும். ஆப்பிளின் அடாப்டர் சிறியது, நல்லது, ஆனால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் சத்தம் பாதியாகத்தான் வரும்.

300 ஓம்ஸ் ஹெட்ஃபோன் ஃபோன்ல ஓடுமா?

ஓடும், சத்தம் போதாது. அடாப்டர் 1 வோல்ட் தருகிறது என்று வைத்தால், 32 ஓம்ஸ் ஹெட்ஃபோனுக்கு 31 மில்லிவாட் போகும், 300 ஓம்ஸுக்கு 3.3 மில்லிவாட்தான். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம்ஸ் வாங்கினால் ஆம்ப்ளிஃபையர் காசையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஃபோன்தான் கருவி என்றால் 16 முதல் 64 ஓம்ஸுக்குள் நில்லுங்கள்.

திடீர்னு பாட்டுல பாடறவங்க குரல் மட்டும் காணோம், மியூசிக் வருது. ஹெட்ஃபோன் போச்சா?

போகவில்லை. ஒயரில் பொதுவான கிரவுண்டு இணைப்பு விட்டிருக்கிறது. அப்போது இரண்டு டிரைவரும் தொடராக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் கழிந்துபோகிறது. முதலில் ஃபோன் ஜாக்கில் சேர்ந்த பஞ்சைத் தென்னை ஈர்க்கால் மெதுவாகக் கிளறி எடுங்கள், ஒயர் நுனியில் இருக்கும் பின் முழுதாக உள்ளே போகாவிட்டாலும் இதே கதைதான்.

அதற்கும் சரியாகாவிட்டால் பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை வளைத்துப் பாருங்கள். குரல் வந்து வந்து போனால் ஒயர் அங்கே உள்ளே அறுந்திருக்கிறது. அந்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டிப் புதுப் பின் பற்றவைக்கலாம். மெல்லிய கம்பிகளில் நிறப்பூச்சு இருக்கும், சூடான சால்டரிங் முனையில் ஈயத்தோடு சில நொடி பிடித்துப் பூச்சை எரித்தால்தான் பற்றும். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்டு. மைக் வைத்த, நாலு தொடுமுனை உள்ள பின்னில் பெரும்பாலும் நுனியிலிருந்து இடது, வலது, கிரவுண்டு, மைக் என்ற வரிசை.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மி.

ஃபோனில் அக்சஸிபிலிட்டிக்குள் இடது-வலது பேலன்ஸ் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு இரண்டு பக்கத்தையும் காது மாற்றி மாட்டுங்கள். அப்போதும் அதே காதில் குறைந்தால் கோளாறு காதில், டாக்டரைப் பாருங்கள். இயர்போனோடு சேர்ந்து நகர்ந்தால் வலையில் குறும்பி அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த டூத் பிரஷால் தட்டித் துடையுங்கள். மேல்நோக்கி வைத்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் விழும்.

கடைசியில காசுக்கு ஏத்தது எதுன்னு எப்படிக் கணக்குப் போடறது?

விலையை ஆண்டுகளால் வகுங்கள். மூவாயிரத்துக்கு வாங்கிய இயர்பட்ஸின் குட்டிப் பேட்டரி மூன்று வருடத்தில் தளர்ந்தால், மாற்ற வழியில்லை, ஆண்டுக்கு ஆயிரம். ஆறாயிரத்துக்கு வாங்கிய ஒயர் ஹெட்ஃபோன் எட்டு வருடம் ஓடி, நடுவில் இரண்டாயிரத்துக்குக் குஷனும் ஒயரும் மாற்றினால் அதுவும் ஆண்டுக்கு ஆயிரம்தான், ஆனால் எட்டு வருடமும் சவுண்டு மேல். சோனி எம்டிஆர்-7506 வந்தது 1991-ல், எச்டி 600 வந்தது 1997-ல், இன்றும் விற்பனையில் இருக்கின்றன, உதிரி கிடைக்கிறது. தொலைக்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் ஐந்நூறு ரூபாய் ஒயர் இயர்போனே வாங்கட்டும்.

டூப்ளிகேட் சந்தேகம் இருந்தால் எடை போடுங்கள். கம்பெனி சொல்லும் எடைக்கும் கையில் இருப்பதற்கும் இருபது முப்பது கிராம் குறைந்தால் உள்ளே இரும்புப் பட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கலாம். சமையலறைத் தராசு போதும், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி நிறுக்கும் தராசு தேவையில்லை.

தறி ஓடும்போது பாட்டுக் கேட்டாத்தான் நேரம் போகுது. எந்த ஹெட்ஃபோன் போடலாம்?

விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் வால்யூம் அதையும் தாண்ட வேண்டும். 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் எல்லை என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி. தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் தடதடப்பு நாய்ஸ் கேன்சலிங்குக்கு அடங்கும் வகையும் அல்ல, பஸ் கேள்வியில் சொன்னதுபோல் அது சீரான உறுமலுக்குத்தான்.

வேலை நேரத்துக்கு நுரைக் காதடைப்பான் போடுங்கள். விரலால் உருட்டி மெலிதாக்கி, காதுமடலை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காதீர்கள். பாட்டு, தறி நின்ற பிறகு. வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் "ஙொய்" என்று இரைந்தால் அன்றைக்கு இயர்போனைத் தொடவே வேண்டாம், மறுநாளும் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.